வால்வு ரெக்டிஃபையரும் அதன் பக்தர்களும்: சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஓர் ஆய்வு

ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, சிலிக்கான் டயோடுகளைப் பிடுங்கிவிட்டு, அந்த வேலைக்கு ஒரு கண்ணாடி வால்வை அமர்த்தும் வழக்கம் ஒலி ரசிகர்களிடையே உண்டு. இதை மோட்சம் என்போரும் மோசம் என்போரும் உளர். இவ்வாய்வு இரு சாராரையும் சமமாகச் சந்தேகிக்கிறது.

முதலில் வரையறை. ரெக்டிஃபையர் பாடாது, பாட்டைப் பெருக்கவும் செய்யாது. முன்னும் பின்னும் அலையும் மின்சாரத்தை ஒரே பக்கம் ஓட்டிவிட்டால் அதன் கடமை முடிந்தது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தை ஆய்வுக்களமாகக் கொண்டது இதனால்தான். பிளாட்பாரத்துக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். நாட்டில் இந்த மின்சாரத்துக்கென்று 1959-இல் வந்த வேம்-1 எஞ்சின்களில் ரெக்டிஃபையர் வேலை பார்த்தது இக்னிட்ரான் என்ற பாதரசக் கலம். சிலிக்கான் வந்ததும் ரயில்வே அதைக் கைகழுவியது. பழைய கலம் இருந்தால் ஹாரன் இனிமையாகக் கேட்கும் என்று எந்த டிரைவரும் மனுப் போடவில்லை.

ரேடியோ மெக்கானிக்குகளும் அப்படித்தான். ரெக்டிஃபையர் வால்வு போய்விட்டால் இரண்டு பிஒய்127 டயோடு, கூடவே மறக்காமல் ஒரு ரெசிஸ்டன்ஸ். மறந்தால் வோல்ட்டேஜ் ஏறி கண்டென்சர் வெடிக்கும். இந்த ரெசிஸ்டன்ஸ்தான் கதாநாயகன், பின்னால் வருவார்.

5யு4ஜி வால்வின் இழையைச் சூடேற்ற மட்டும் 5 வோல்ட், 3 ஆம்பியர். ஆக 15 வாட். 225 மில்லி ஆம்பியர் இழுத்தால் உள்ளேயே 44 வோல்ட் விழுந்து இன்னும் 10 வாட் வேகும். டயோடில் விழுவது சுமார் 1 வோல்ட்தான். தினம் 3 மணி நேரம் கேட்டால் இரண்டு மாதத்தில் நாலரை யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டில் இத்தனையும் ஒரு ஸ்வரம்கூடப் பாடாமல் ஆவியாகிறது.

தவில் அடி விழும்போது வோல்ட்டேஜ் தொய்ந்து நிமிர்வதால் ஓசை பதமாகிறது என்பது பக்தர்களின் வாதம். கிளாஸ் ஏபி ஆம்ப்பில் இது உண்மை. எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இழுக்கும் கிளாஸ் ஏ ஆம்ப்பில் தொய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கேயும் தவில் பதமாகிவிட்டதாகச் சாதிக்கிறார்கள். ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையர் வால்வு நிதானமாகச் சூடேறி, மற்ற வால்வுகள் தயாரான பிறகே மின்சாரம் விடுகிறது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

இனி கதாநாயகன். 44 வோல்ட்டை 225 மில்லி ஆம்பியரால் வகுத்தால் ஏறக்குறைய 200 ஓம். டயோடுக்குப் பின்னால் அந்த ரெசிஸ்டன்ஸைப் போட்டால் கிட்டத்தட்ட அதே தொய்வு, சில ரூபாயில்.

பிறகு எதற்கு வால்வு? விடை ஊருக்குள், குடைவரைக் கோயிலில் இருக்கிறது. அர்ச்சகர் நரசிம்மரின் திருநாமத்தை விலக்கி, தீபம் காட்டி, நெற்றிக்கண்ணைச் சேவிக்க வைப்பார். வால்வு வைத்திருப்பவரும் விருந்தாளி வந்ததும் அறை விளக்கை அணைத்து மூடியைத் திறக்கிறார். சிமென்ட் ரெசிஸ்டன்ஸுக்கு அந்த யோகம் இல்லை. அது வெறும் வெள்ளைக் கட்டி. பக்கத்தில் ஓர் ஆரஞ்சு எல்இடி வைக்கலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. ரசிகர்கள் கூடியிருக்கும் இடத்தில் அதை வாசிக்க வேண்டாம் என்பது பின்னிணைப்பு.