பந்துவீச்சாளர் விலை நிர்ணய விசாரம்: செங்கற்பட்டு, மல்லைக்கரைச் சம்பிரதாயங்களை முன்வைத்து

1. பாயிரம்

விலையைப் பற்றிய சாஸ்திரங்கள் உலகத்தில் பல உண்டு. எனினும், கையிலே காசில்லாத ஒருவன், தனக்குச் சொந்தமில்லாத ஓர் ஆட்டக்காரனை, தான் ஒருநாளும் சந்திக்கப்போகாத ஒரு முதலாளிக்கு எத்தனை கோடிக்கு விற்கலாம் என்பதைத் தேநீர் ஆறுவதற்குள் அறுதியிட்டுவிடும் அபூர்வமான சாஸ்திரத்தைப் பற்றி இதுகாறும் ஒருவரும் முறைப்பட எழுதவில்லை என்பது, நம் சர்வகலாசாலைகள் வேறு எதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன என்ற சந்தேகத்தை எழுப்புகிறது.

ஐ.பி.எல். என்னும் கிரிக்கெட் விழா 2008இல் தோன்றியது. அணிகள் தமக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ‘டிரேடு’ என்ற சடங்கு 2009இல் தோன்றியது. அவ்வாண்டில் பெங்களூரிலிருந்து ஜாகீர் கான் மும்பைக்கும், மும்பையிலிருந்து ராபின் உத்தப்பா பெங்களூருக்கும், மும்பையிலிருந்து ஆசிஷ் நெஹ்ரா டெல்லிக்கும், டெல்லியிலிருந்து ஷிகர் தவன் மும்பைக்கும் இடம்பெயர்ந்தனர். அன்று மூண்ட வாதம், செங்கற்பட்டுச் சந்திப்பு முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள பூபாகத்தில் இன்னும் அணையவில்லை. 

ஆராய்ச்சி மரபுப்படி, எனக்கு முன் எழுதியவர்கள் அனைவரும் எவ்வாறு தவறினார்கள் என்பதை நான் முதலில் நிறுவ வேண்டும். எனக்கு முன் யாரும் எழுதாமையால், அந்தப் பாக்கியத்தை எனக்குப் பின் வருவோருக்கு விட்டுவைக்கிறேன்.

2. பிரமாணங்கள்

விவாதிகள் கையாளும் பிரமாணங்கள் மூன்று. முதலாவது காட்சி, அதாவது ஆட்டத்தைப் பார்த்தல். இது அருகியே வழங்கும். இரண்டாவது அனுமானம், ஸ்கோரைக் கொண்டு ஆட்டத்தை ஊகித்தல். மூன்றாவது ஆப்தவாக்கியம், வர்ணனையாளர் வாய்மொழி. அவர் நம் கருத்தை மறுத்துரைக்கும்போது ஆப்தர் என்ற பதவியை இழக்கிறார்.

3. விவாதிகளின் பாகுபாடு

(அ) சிற்பிகள். மாமல்லபுரத்துக் கல்தச்சர்கள் உளியோசையில் எதையும் காதில் வாங்குவதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் இன்றுவரை பிழைபடாதவர்கள் இவர்கள் மட்டுமே.

(ஆ) நடுநிலையாளர். “எனக்கு எந்த டீமும் இல்லண்ணே, நல்ல கிரிக்கெட் ஆடுனா போதும்” என்பவர். இவருடைய திருவுருவம் மல்லைப் பெரும்பாறையில், எலிகள் சூழத் தவக்கோலத்தில் நிற்கும் பூனையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதே பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசி அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வழக்காடியும், அம்மனிதர் மறுகாலை ஊன்றிக்கொள்ள வழிபிறக்கவில்லை. மல்லைக் கோயில்கள் யாவும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் ஒருவனே செய்வித்தவை என்று தொல்லியலாளர் இரா. நாகசாமி 1962இல் எழுத, மற்றவர் மறுக்க, ஒரே கல்வெட்டை இரு தரப்பாரும் தத்தமக்குச் சாட்சியாக அழைத்துவருவதைக் கண்டு பழகிய ஊர் இது. ஒரே பந்துவீச்சாளனை இரு தரப்பாரும் அவ்வாறே அழைத்துவருவதில் ஊராருக்கு வியப்பேதும் இல்லை.

(இ) ரயில் சம்பிரதாயத்தார். இவர்கள் செங்கற்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்சார ரயிலில் உத்தியோகத்துக்குச் செல்வோர். இவர்களுக்கு எண்ணே கண். பரனூரில் ஒருவனை ஏலத்தில் எடுப்பர், மறைமலை நகரில் அவனுடைய எகானமியைக் கண்டு மனம் கசப்பர், கூடுவாஞ்சேரியில் விற்பர், பெருங்களத்தூரில் ‘பர்ஸ்’ தீர்ந்துபோகும், தாம்பரத்தில் மேலதிகாரியின் நினைவு வந்து மௌனம் சாதிப்பர்.

இவர்களுடைய மூலாதாரக் கணக்கு மிட்செல் ஸ்டார்க்கைப் பற்றியது. 2023 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அணி அவருக்குக் கொடுத்தது 24.75 கோடி ரூபாய். பதினான்கு லீக் ஆட்டங்களிலும் தமக்குரிய நான்கு ஓவர்களை முழுமையாக வீசினால் 336 பந்துகள். பந்து ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 7 லட்சத்து 36 ஆயிரம். ‘வைடு’ பந்து இந்த விலைக்குள் அடங்குமா, கொசுறாகக் கொள்ளத்தக்கதா என்ற நுட்பமான வினாவில் சம்பிரதாயம் இரண்டாகப் பிளந்து, ஒரு பிரிவினர் பக்கத்துப் பெட்டிக்கு மாறிச் சென்றனர். ஸ்டார்க் முதல் ஆட்டத்தில் 53 ரன்களும் இரண்டாம் ஆட்டத்தில் 47 ரன்களும் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுக்காதபோது, “இந்தக் காசுக்குக் கொளவாய் ஏரியையே தூர்வாரியிருக்கலாம் சார்” என்று பெட்டி முழுவதும் தீர்ப்பளித்தது. 2024 மே 26 அன்று சேப்பாக்கத்தில் இறுதியாட்டத்தின் முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைச் சாய்த்து, மூன்று ஓவர்களில் 14 ரன்களுக்கு 2 விக்கெட் எடுத்து, ஹைதராபாத் 113க்குச் சுருண்டபோது அதே பெட்டி, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்றது. அன்றைக்குச் சொன்னவர் யார் என்று துருவுவது ஆராய்ச்சி தர்மமன்று.

(ஈ) கரைச் சம்பிரதாயத்தார். இவர்கள் கொக்கிலமேடு, தேவனேரி முதலிய குப்பங்களில் விடியலில் மீன் ஏலம் முடித்து வந்து அமர்வோர். ஏலம் என்பது ரயில்காரருக்குத் தொலைக்காட்சி; கரைக்காரருக்கோ தினசரி வயிற்றுப்பாடு. ஆகவே முதலில் கூவிய விலையை இவர்கள் விலையாகவே மதிப்பதில்லை. “எகானமி கெடக்குது, செவுளத் தூக்கிப் பாரு” என்பதே இவர்களுடைய மகாவாக்கியம். ஓடிவரும்போது கால் இழுக்கிறதா, மூன்றாவது ஓவரில் தோள் தாழ்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, எண்ணைக் கேட்பதில்லை.

சின்னப்பம்பட்டி நடராஜன் 2017இல் 3 கோடிக்கும், 2018இல் 40 லட்சத்துக்கும், 2024 நவம்பரில் 10.75 கோடிக்கும் போனதைக் காட்டி, “ஒரே இடது கை, ஒரே யார்க்கர், எதை வைத்து இந்த ஏற்றத்தாழ்வு?” என்று ரயில்காரர் ஒருமுறை கரைக்காரரை வினவினார். வரவு எத்தனை கூடை, வாங்க வந்து நிற்பவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே வஞ்சிரத்தின் விலை ஏறுகிறது, இறங்குகிறது. அதற்கு வஞ்சிரம் என்ன செய்யும் என்று விடை வந்தது. பொருளாதாரப் பேராசிரியர்கள் நான்கு அத்தியாயங்களில் சொல்வதை ஒரு மீனில் முடித்துவிட்ட குற்றத்துக்காக இவ்விடை எந்த ஆய்வேட்டிலும் இடம்பெறத் தகுதியற்றதாகிறது.

4. மர்க்கட மார்ஜாரப் பூசல்

இனி இவ்விசாரத்தின் இருதயத்துக்கு வருகிறோம். பூதத்தாழ்வார் அவதரித்த மல்லையில் இரண்டு நியாயங்கள் நெடுங்காலமாகப் பழக்கமானவை. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது மார்ஜார நியாயம். ஆன்மாவின் பொருட்டு வகுக்கப்பெற்ற இந்நியாயங்களை, சென்னை அணியின் பந்துவீச்சாளர் விக்கெட் எடுப்பது தம் முயற்சியாலா, மகேந்திரசிங் தோனியின் கடாட்சத்தாலா என்ற வினாவுக்குப் பொருத்தியது இக்கரையின் நிகரற்ற பங்களிப்பாகும். விலை முழுவதும் இதைப் பொறுத்தது: முயற்சி தன்னுடையதாயின் பந்துவீச்சாளனை எந்த அணியும் வாங்கலாம், கடாட்சமாயின் வாங்குபவன் வெறும் பூனைக்குட்டியை வாங்கினவனாவான்.

இப்பூசலின் மூலநூல் இன்னும் எழுதப்படாத ‘பெஞ்சு மஞ்சரி’. எழுதப்படாமையால் அதில் பாடபேதம் கிடையாது. எனினும் உரைவேறுபாடு உண்டு. மார்ஜாரவாதிகள் முதலில் மோகித் சர்மாவைக் கொண்டுவருவர். 2014இல் சென்னைக்காக 23 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி அணிந்த அவர், அணியை விட்டுச் சென்றபின் மங்கிப்போனார் அல்லவா? (பெஞ்சு மஞ்சரி, சூத்திரம் 4.) 

மர்க்கடவாதிகள் இதைக் கண்டிக்கிறார்கள். அவரே 2022இல் குஜராத் அணிக்கு வலைப்பந்து வீசும் ஆளாகச் சேர்ந்து, 2023இல் 27 விக்கெட் எடுத்தபோது தோனி எதிரணியில் அல்லவா இருந்தார்? அதுவும் போகட்டும், அவ்வாண்டு ஆமதாபாத் இறுதியாட்டத்தில் தோனியையே முதல் பந்தில் ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். தாயையே கடித்த குட்டிக்கு மார்ஜார நியாயம் பொருந்துமா? (பெஞ்சு மஞ்சரிக்குத் ‘தம்ளர் தீபிகை’ என்னும் உரை, இரண்டாம் ஆற்று, நுரைக்குக் கீழ்.)

மார்ஜாரவாதிகள் தளர்வதில்லை. அதே இரவில் கடைசி ஓவரை வீசியவரும் மோகித்தே. முதல் நான்கு பந்துகளில் மூன்றே ரன் கொடுத்தார். இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ரவீந்திர ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். தாயைக் கடித்தவனிடமிருந்து கடாட்சம் நீங்கிய கணம் எது என்பதைப் பந்து எண்ணோடு காட்ட முடிகிற ஒரே தத்துவ சாஸ்திரம் இதுவாகும். வெற்றி கிட்டியதும் தோனி ஜடேஜாவை அப்படியே வாரித் தூக்கினாரே, அதற்குமேல் சாட்சி வேண்டுமா? தாய்ப்பூனை வேறென்ன செய்யும்? (தம்ளர் தீபிகைக்குக் கண்டனமாக எழுந்த ‘பாய்லர் பிரகாசிகை’, எண்ணெய் பட்டு ஒளிபுகும் மூன்றாம் படி, வடை மடித்த தாளின் மறுபுறம், மேலிருந்து நான்காம் கறை.)

மர்க்கடவாதிகளின் மறுமொழி ஒரே வாக்கியம்: தூக்கப்பட்டவன் பற்றிக்கொள்ளாமலா இருந்திருப்பான்? இவ்வாக்கியத்துக்கு மூன்று பருவகாலமாக உரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ‘பாய்லர் பிரகாசிகா கண்டன சம்ரட்சணம்’ என்னும் பெருநூலின் பதினேழாம் ஆசுவாசத்தை, பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் பேருந்துக்காகக் காத்திருந்த ஒருவர் வாய்மொழியாக அருளியபோது, புதுச்சேரிப் பேருந்து வந்துவிட்டமையால் பதினெட்டாம் ஆசுவாசம் மரக்காணத்தில் இருப்பதாக நம்பப்படுகிறது. 

5. இரண்டுக்கு ஒன்று என்னும் விதி

ரசிகன் முன்மொழியும் டிரேடு எதுவாயினும் அதன் வடிவம் ஒன்றே: நமக்கு வேண்டாத இருவரைக் கொடுத்து, அவர்களுக்கு மிக வேண்டிய ஒருவரைப் பெறுதல். “அந்த ரெண்டு பேரையும் தள்ளிவுட்டு பும்ராவக் கேப்போம் மாமே” என்பது இதன் எளிய பிரயோகம். மும்பை முதலாளி இதற்கு ஏன் இணங்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்புபவன் ரசிகனே அல்லன்.

உண்மையான டிரேடுகள் இவ்விதிக்கு எப்போதும் இணங்குவதில்லை. 2019இல் பஞ்சாப் அணி தன் தலைவரான அஸ்வினை டெல்லிக்கு அனுப்பிப் பெற்றது ஜகதீஷ சுசித்தையும் ஒன்றரைக் கோடி ரூபாயையும். எனினும் விதி அட்சரம் பிசகாமல் நிறைவேறிய நாளும் ஒன்று உண்டு. 2025 நவம்பர் 15 அன்று இருவரைக் கொடுத்து ஒருவரைச் சென்னை அணி பெற்றது. பெறப்பட்டவர் ராஜஸ்தானின் சஞ்சு சாம்சன், 18 கோடி. கொடுக்கப்பட்ட இருவரில் ஒருவர் சாம் கரன். மற்றவர், 2012 முதல் சென்னைக்கு ஆடியவரும், மேற்படி பூசலின் குட்டியுமான ஜடேஜா. 18 கோடியாக இருந்த அவருடைய ஊதியம் 14 கோடியாகக் குறைந்து ராஜஸ்தானுக்குச் சென்றது.

அன்று கரையிலும் ரயிலிலும் நிகழ்ந்தது சரித்திரப் பிரசித்தி பெறத்தக்கது. பதினாறு ஆண்டுகளாகப் பிறர் வீட்டுப் பிள்ளைகளை இரண்டுக்கு ஒன்றாகக் கூறுகட்டி விற்ற சபை, “தளபதிய எப்படிடா குடுக்கலாம்?” என்று கேட்டது. பந்து ஒன்றின் அடக்கவிலை கணக்கிட்டவர்கள் அன்று கைபேசியை எடுக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்போரும் முப்பத்தாறு வயது இடக்கைச் சுழலரின் தோளைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2010இல் வேறோர் அணியுடன் தாமே பேரம் பேச முயன்ற குற்றத்துக்காக இதே ஜடேஜா ஓராண்டு ஆடாமல் தடுக்கப்பட்டவர் என்பதை ஒருவர் நினைவூட்டினார். ஆட்டக்காரன் தன் விலையைத் தானே பேசினால் குற்றம், அணிகள் பேசினால் வியாபாரம், நாம் பேசினால் சாஸ்திரம் என்று அவரே அதற்குப் பாஷ்யமும் செய்தார். அவருக்கு அன்று இடம் கிடைக்கவில்லை. தாம்பரம் வரை நின்றுகொண்டே சென்றார்.

மர்க்கட, மார்ஜார நியாயங்கள் இரண்டும் அன்று ஒருசேரத் திகைத்தன. குட்டி தாயைப் பற்றியிருந்ததா, தாய் குட்டியைக் கவ்வியிருந்ததா என்பதற்குச் சூத்திரம் உண்டு. குட்டியைக் கொடுத்து வேறொரு குட்டியை வாங்கி வருவதற்கு எந்த ஆசாரியரும் சூத்திரம் செய்துவைக்கவில்லை.

6. சித்தாந்தம்

ஆகவே, முடிந்த முடிபாக நாம் நிறுவுவது யாதெனில்: பந்துவீச்சாளனின் விலை என்பது அவன் நம் அணிக்கு வந்த மறுநாள் அதிகமாகவும், நம் அணியை விட்டுப்போன மறுநாள் குறைவாகவும் தோன்றுகிற ஒரு தொகை. சென்னை விடுவித்த பதிரனாவை 2025 டிசம்பர் 16 அன்று கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தபோது, முந்திய பருவத்தில் அவரை 13 கோடிக்கே தகாதவர் என்றவர்கள், “பதினெட்டுக்கு அவன் மலிவு” என்றது இதற்கு நிதர்சனம். 

இம்முடிபை மறுக்க விரும்புவோர் காலை நேர ரயிலில் ஆதாரங்களோடு வரலாம். பெருங்களத்தூருக்குப் பின் எழுப்பப்படும் ஆட்சேபங்கள், பர்ஸ் தீர்ந்துவிட்டமையால், விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா.