யானையும் கவுனியும்: ஆட்டத்திற்கென ஆக்கப்படாத மடிக்கணினியில் பேராட்டம் ஆடுதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. பெயர்க்காரணம்

1758–59இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு, அதன் வடக்கே இருந்த கறுப்பர் நகரத்தைச் சூறையாடிச் சென்ற பின்னர், கும்பெனியார் அந்நகரைச் சுற்றி மதில் எழுப்பினர் என்பதும், அம்மதிலின் மேற்கு வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி எனப்பட்டது என்பதும், மதிற்செலவுக்காக மக்கள்மீது சுமத்தக் கருதிய வரி வசூலாகாமலே போயினும் அதன் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் நிலைத்துவிட்டது என்பதும் நகர வரலாறு கற்றோர் அறிந்தவை. கவுனி என்றால் கோட்டை வாயில். யானை விளக்கம் வேண்டாதது. எவ்வளவு பெரிய உயிர் நுழையலாம் என்பதையே தன் பெயராகக் கொண்ட வாயில் உலகில் அதிகம் இல்லை. கணக்கெழுதவும் பாடம் படிக்கவும் ஆக்கப்பட்ட மடிக்கணினிக்குள் பேருருவம் கொண்ட வீடியோ கேமைச் செலுத்தும் முயற்சியை ஆராய இதனினும் பொருத்தமான இடம் இல்லையாதலின், இவ்வாராய்ச்சி இங்கிருந்தே தொடங்குகிறது.

2. வாயிலின் அளவு

திரையில் அசைவதுபோல் தோன்றுவது உண்மையில் அடுத்தடுத்து வரையப்படும் நிலைப்படங்களின் வரிசையே. அவற்றுள் ஒன்று பிரேம் எனப்படும். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமெனில் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியில் வரைந்து முடித்தாக வேண்டும். 30 போதுமெனில் 33 மில்லிநொடி கிடைக்கும். அதற்கும் மேல் தாமதமாகும்போது தோன்றும் நிலையையே இளைஞர் 'லேக் அடிக்குது' என்கின்றனர். ஆட்டத்திற்கென ஆக்கப்பட்ட கணினியில் இவ்வேலையைத் தனி கிராபிக்ஸ் கார்டு செய்யும். சாதாரண மடிக்கணினியிலோ செயலியின் உள்ளேயே ஒரு மூலையில் குடியிருக்கும் சிறு பகுதி அதைச் செய்கிறது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றின் செயலிக்கு வகுக்கப்பட்ட மின்னளவு 15 வாட். அஃதாவது, பழைய குழல்விளக்கொன்று கேட்கும் 40 வாட்டில் பாதிகூட இல்லாத அளவைக் கொண்டு, கணக்கிடுதலும் வரைதலும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

இந்த உள்ளிணைந்த கிராபிக்ஸின் வாழ்க்கையை ஒண்டுக்குடித்தனத்தோடு ஒப்பிடுவதே தகும். தனி கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு, இதற்கோ இல்லை. செயலி பயன்படுத்தும் அதே ராமிலிருந்துதான் இதுவும் எடுத்துக்கொள்ள வேண்டும். முற்றத்துக் குழாய் ஒன்று, குடம் இரண்டு என்ற நிலை அது. ஒற்றை ராமுக்குப் பதில் இணையாக இரண்டு ராம் பொருத்தினால் பெருமளவு பயன் கிடைப்பதற்குக் காரணம், முற்றத்தில் இரண்டாவது குழாய் ஒன்று போடப்படுவதே.

3. சான்று

இத்துறையின் தமிழகச் சான்றுகளுள் தலையாயது விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் கீழ், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களைச் சென்றடைந்தன. கொடுத்தவர் நோக்கம் கல்வி. பெற்றவருள் பலர் கல்வியோடு 'ஜிடிஏ வைஸ் சிட்டி'யையும் அதில் ஏற்றினர். 2003இல் கணினிக்கு வந்த அவ்வாட்டம் 128 எம்பி ராமிலேயே ஓடக்கூடிய கன்று. தொடக்கக்கால விலையில்லா மடிக்கணினியின் 2 ஜிபி ராமுக்குள் அது துள்ளி ஓடியது. 2015இல் கணினிக்கு வந்த 'ஜிடிஏ 5' குறைந்தது 4 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்ட களிறு. கன்று நுழைந்த வாயில் களிற்றுக்கும் போதும் எனக் கருதியதிலிருந்தே இக்கலை பிறந்தது எனலாம்.

4. விகாரம் மூன்று

கவுனியை அகலமாக்க இயலாது. மடிக்கணினியின் செயலியையும் கிராபிக்ஸையும் கழற்றி மாற்றுவதற்கு வழியே வைக்காமல் பலகையோடு பலகையாகப் பற்றவைத்திருப்பது பெருவழக்கு. ஆகவே யானையைத்தான் மெலிவிக்க வேண்டும். இரு சொற்கள் புணரும்போது நிகழும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என இலக்கணத்தார் மூவகைப்படுத்தியது, ஆட்டமும் மடிக்கணினியும் புணரும்போதும் பிசகாமல் பொருந்துவது வியப்பிற்குரியது.

கெடுதல் என்பது இருந்தது இல்லாமற்போதல். முதலில் கெடுவது நிழல். ஒளி விழும் திசையிலிருந்து காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்த்தே நிழலைக் கணிக்க வேண்டியிருத்தலின், அது உயிரற்றதாயினும் உணவு மிகுதியாகக் கொள்வது. அடுத்துப் புல்லும், நீரில் தெரியும் பிம்பமும், தெருவில் நடமாடும் கூட்டமும் கெடும். கூட்டமில்லாத மாநகரத் தெரு என்பது தங்கசாலைத் தெருவை அறிந்தவருக்குக் கற்பனைக்கும் எட்டாததாயினும், லோ செட்டிங்ஸில் அது கைகூடுகிறது.

திரிதல் என்பது ஒன்று வேறொன்றாதல். 1920×1080 என்னும் திரையளவில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1280×720இல் 9,21,600 மட்டுமே. ஒவ்வொரு பிரேமிலும் பாதிக்கு மேற்பட்ட புள்ளிகளை வரையும் தொல்லை இவ்வாறு ஒழிகிறது. இதன் விளைவாகத் தொலைவில் வருபவன் பகைவனா மரமா என்பது ஐயத்திற்கு இடமாகிறது. ஐயுறும் ஒவ்வொன்றையும் சுட்டுவிடுதலே வழக்காறு.

தோன்றல் என்பது இல்லாதது வந்து சேர்தல். காற்றுத்துளைகள் அடிப்புறத்தில் இருப்பதால், பின்விளிம்பின் கீழ் இரண்டு சோடா மூடிகள் தோன்றும். அவற்றின் எதிரே டேபிள் ஃபேன் தோன்றும். ஃபேன் தன் பக்கம் திரும்பாதது குறித்து வீட்டிலுள்ளோரிடம் முணுமுணுப்பும் தோன்றும். மூன்றாவதற்கு இலக்கண விதி காணப்படவில்லை.

5. அனல்

வடசென்னைக்கு அனல் புதிதன்று. 450 மெகாவாட் திறனுடன் இயங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் அனலை மின்சாரமாக்கியது. மடிக்கணினியோ மின்சாரத்தை அனலாக்குகிறது. செயலியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்குகையில், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையின் சூடு ஏறும் அளவுக்குச் செயலியின் சூடும் ஏறுமாதலால், கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் ஆடுபவர், குளிரூட்டிய அறையில் ஆடுபவரினும் ஏறக்குறைய 15 டிகிரி பின்தங்கிய நிலையிலேயே களத்தில் இறங்குகிறார். தொடங்கிய சில நிமிடம் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடுவதும், 'சூப்பரா ஓடுது' என்று நண்பர்க்குச் செய்தி அனுப்பி அவர் வந்து சேர்வதற்குள் தடுமாறத் தொடங்குவதும் இதனாலேயே. இதில் ஊழுக்குப் பங்கில்லை.

6. தடையும் விடையும்

நிழலும் புல்லும் கூட்டமும் கூர்மையும் போன பின்னர் எஞ்சுவது அதே ஆட்டம் ஆகுமா எனத் தனி கிராபிக்ஸ் கார்டு உடையோர் தடை எழுப்புவர். அதற்கு விடை வருமாறு. கும்பெனியார் கட்டிய மதிலில் இன்று எஞ்சியிருப்பது பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்காவாக நிற்கும் துண்டு போன்ற சிற்சில எச்சங்களே. கவுனி இடிந்தது, யானை வரும் பேச்சே இல்லை, வரியோ முதலிலிருந்தே இல்லை. அவ்வளவும் கெட்ட பின்னரும், யானைக்கவுனிக்குப் போக வேண்டும் என்று சொல்லி ஆட்டோவில் ஏறுபவரை ஓட்டுநர் யானை எங்கே, கவுனி எங்கே என்று கேட்பதில்லை. நேரே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்.