'ஜஸ்ட் நவ்' என்னும் காலக்கிளவி: ஓர் ஆய்வு

காலம் மூன்று என்று தொல்காப்பியர் முடிவு கட்டிவிட்டார். 'ஜஸ்ட் நவ்' என்ற ஆங்கிலத் தொடர் காதில் விழுந்திருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பாரா என்பதே இவ்வாய்வின் வினா.

சான்று 1: "சார் ஜஸ்ட் நவ்தான் கிளம்பினாரு" என்று சென்னை அலுவலகத்தில் சொன்னால் இறந்தகாலம். லண்டனிலும் அப்பொருள் உண்டு. 'இந்த நேரத்தில்' என்ற நிகழ்காலமும் உண்டு.

சான்று 2: தென்னாப்பிரிக்காவில் அது எதிர்காலம். ஜோகன்னஸ்பர்க்கில் குழாய் ரிப்பேர்காரர் 'ஜஸ்ட் நவ்' வருவதாகச் சொன்னால், ஒழுகும் குழாய்க்கடியில் வாளியை மாற்றி மாற்றி வைக்க வேண்டியதுதான். மத்தியானம் வரலாம், சாயங்காலம் வரலாம், வராமலும் போகலாம். 'நவ் நவ்' என்று இரட்டித்தால் ஓரளவு நம்பலாம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் 'நெட்நௌ' இதற்கு உறவு. அச்சொல்லுக்குச் 'சற்றுமுன்', 'சற்றுப் பின்' இரண்டும் பொருள். ஆக, முக்காலமும் ஒரே தொடரில் அடக்கம்.

சான்று 3: விமானம் 'மொமென்டரிலி' தரையிறங்கும் என்றால் அமெரிக்கருக்கு 'இன்னும் சற்று நேரத்தில்'. பழைய பாணி ஆங்கிலேயருக்கோ 'ஒரு கணம் மட்டும்'. இறங்குவதற்குள் மறுபடி ஏறிவிடுமோ என்று அவர் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொள்வார்.

சான்று 4: ஒன்றை 'டேபிள்' செய்வதென்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது நடந்த கூட்டமொன்றில் இரு தரப்பும் ஒரே கருத்தோடு இருந்துகொண்டே இச்சொல்லால் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சிலே எழுதிவைத்திருக்கிறார்.

தடை: இதையெல்லாம் பார்த்துத் தமிழர் சிரிக்கலாமோ எனின், ஆகாது. இலையில் சோறு பாதி கிடக்க, "இதோ வந்துட்டேன்" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பவர் நாம்.

விடை: அதற்கு நம் இலக்கணம் காலவழுவமைதி என்று பெயரிட்டு மன்னித்துவிட்டது. விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொன்னால் குற்றமில்லை. இலக்கண ஆசிரியர்கள் காட்டும் உதாரணமும் உண்டுகொண்டிருப்பவனுடையதே! ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பஞ்சமில்லை, வழுவமைதிக்குத்தான் பஞ்சம். அதனால்தான் ஓர் ஊர்ப் பேச்சு மற்றோர் ஊருக்கு எரிச்சலாகிறது.

பரிந்துரை: குழாய்க்காரருக்கு வழுவமைதி வழங்குக. கூலி கேட்கும்போது அவருக்கும் 'ஜஸ்ட் நவ்' என்றே விடை சொல்க.