தூக்கிக்கொண்டு போகும் வீரன்

கேள்வி: கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டை அட்டையில் கட்டி, 28 மி.மீ. பொம்மை வீரர்களை நிறுத்திப் போர் விளையாடுகிறான் மகன். எந்த அளவு பொம்மைக் கார் அதற்குப் பொருந்தும்?

பதில்: 1663இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த போர் என்றால் செலவே இல்லை. அதில் கார் கிடையாது.

அம்பாசிடர் கார் காலம் என்றால் கணக்குப் போடவேண்டும். 28 மி.மீ. என்பது பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரையிலான உயரம். அசல் ஆளுக்கு அது சுமார் 1.6 மீட்டர், வகுத்தால் 1:57. அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அது 1:64இல் 67 மி.மீ., 1:56இல் 77, 1:43இல் 100. காகிதத்தில் 1:56தான் சரி. ஆனால் பொம்மை வீரனுக்குத் தலையும் கையும் துப்பாக்கியும் பருமன். காலடியில் பீடம் வேறு. 1:64 கார் அருகே நிறுத்தினால் அவன் அதில் ஏறமாட்டான், தூக்கிக்கொண்டு போவான்! அதனால்தான் பலர் 1:43 வாங்குகிறார்கள். சற்றுப் பெரிது, ஆனாலும் கண் ஒத்துக்கொள்ளும். 1:50 கிடைத்தால் யோகம்.

மேட்ச்பாக்ஸ், ஹாட்வீல்ஸ் வகையறாவில் பெட்டிக்குள் அடங்குவதே சட்டம். காரும் லாரியும் பஸ்ஸும் ஏறக்குறைய ஒரே நீளம்! பெயரை நம்பாமல் அடிக்கோலோடு கடைக்குப் போவது உத்தமம்.

டிங்கி பொம்மைக் கார்களின் அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் தயாரித்த பழைய நிக்கி டாய்ஸ் கார் மட்டாஞ்சேரி யூதத் தெருப் பழம்பொருள் கடையில் கண்ணில் பட்டால், மகனுக்குச் சொல்லாமல் அப்பாவே வைத்துக்கொள்ளலாம்.

தெருவின் அகலம் 10 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் அது மட்டாஞ்சேரி அல்ல, எம்.ஜி. ரோடு.