ஒரு ஜோடி வெள்ளை எலி

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று வெள்ளை எலி ஒரு ஜோடி வாங்கினேன். ஏலத்தோட்டக்காரன் எலி வளர்க்கிறான் என்று ஊரே சிரிக்கிறது. என்ன செய்ய?
– ஏலக்காய் விவசாயி, போடிநாயக்கனூர்

பதில்: சிரிக்கத்தானே செய்வார்கள்! மேலே தோட்டத்தில் காயைக் கடிக்கிற எலிக்குப் பொறி, கீழே வீட்டில் இருக்கிற எலிக்குப் பொரி.

ஜோடி என்றால் ஆணும் பெண்ணுமா? அப்படியானால் இன்றே பிரித்து வையுங்கள். சினைக்காலம் சுமார் 22 நாள்தான். ஓர் ஈற்றுக்கு எட்டு, பத்து குட்டி. ஈன்ற ஒரே நாளுக்குள் தாய் மறுபடி சினையாகலாம். குட்டிகளும் ஐந்தாறு வாரத்தில் குடும்பஸ்தர்கள். ஏல மையத்துக்கு வரத்து இந்த வேகத்தில் கூடினால் விலை என்னவாகும் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

அதற்காகத் தனியாக அடைக்காதீர்கள், எலி வாடிப்போகும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் துணை சேருங்கள். கண்ணாடித் தொட்டி வேண்டாம். சிறுநீர் நெடி தேங்கி மூச்சுக்கோளாறு வரும். காற்றோட்டமான கம்பிக் கூண்டே நல்லது. தோட்டத்து எலி அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் அதன் வழியாக வரலாம். ஆயுசு இரண்டு, மூன்று வருஷம்தான். மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஊர் இன்னும் சிரித்தால், ராஜஸ்தான் தேஷ்நோக் கர்ணி மாதா கோயிலைச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான எலிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை எலி கண்ணில் பட்டால் பாக்கியம் என்று பக்தர்கள் காத்துக் கிடக்கிறார்கள். உங்கள் வீட்டில் டிக்கெட் போடலாம்!