பல்லைக் காட்டிக் கேளுங்கள்

ஈறு பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

பல் தேய்க்கும்போது ஓரிடத்தில் ரத்தம் வருகிறது. வலி இல்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்கிறேன். சரிதானே?
– பேருந்து நடத்துநர், திண்டுக்கல்

டிக்கெட் எடுக்காத ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களிடம் டிக்கெட் கேட்பீர்களா? அந்த இடத்தில்தான் ஐயா உங்களுக்கு வேலையே இருக்கிறது. பல்லும் ஈறும் சேருமிடத்தில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு படலம் படியும். அது முழுக்கக் கிருமி. அது தங்கத் தங்க ஈறு சிவந்து வீங்கும். வீங்கிய ஈறு பிரஷ் பட்டாலே கசியும். ரத்தத்துக்குப் பயந்து பிரஷ்ஷை விலக்கினால் படலம் தடிக்கும், கசிவு கூடும்.

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆகவே மென்மையான பிரஷ்ஷால், ரத்தம் வரும் இடத்தை இன்னும் கூடுதல் கவனத்தோடு, காலையும் இரவும் இரண்டு வாரம் தேய்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் உள்ளே படலம் இறுகிக் காரை பிடித்திருக்கும்; அது பிரஷ்ஷுக்கு அடங்காது, பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். பிரஷ்ஷே படாமல் ரத்தம் கசிந்தாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ, உடம்பில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பொது மருத்துவரைப் பாருங்கள். டெங்குவிலும் ஈறு கசியும்.

நன்றாக அழுத்தித்தான் தேய்க்கிறேன். ஒரே மாதத்தில் பிரஷ் விரிந்துவிடுகிறது. ஆனாலும் வாய் நாறுகிறது என்கிறாள் மனைவி.
– மர வியாபாரி, ராஜபாளையம்

இழைப்புளி பிடித்த கை போலிருக்கிறது! பிரஷ்ஷை ஈற்றின் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். பாதி முடி பல்லிலும் பாதி முடி ஈற்றிலும் படட்டும். முடியின் நுனி ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள சின்னப் பள்ளத்தில் லேசாக நுழைய வேண்டும். முடி வளையக் கூடாது. அங்கேயே மெதுவாக அதிரவிட்டு, பிறகு கடிக்கும் பக்கமாகச் சுருட்டி எடுங்கள். இரண்டிரண்டு பல்லாக, வெளிப்பக்கம் முடிந்ததும் உட்பக்கம்.

இப்போது கீழ் முன்பற்களின் பின்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று, பல்லோடு பல்லாக ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? அதுதான் காரை. எச்சில் சுரக்கும் வாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து படலத்தின்மேல் இறங்கி அதைக் கல்லாக்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களின் பிரஷ் போகாத இடமும் அதுதான். இரண்டு பல்லுக்கு இடையே பிரஷ் நுழையாது. அதற்கென்று மெல்லிய நூலும், பாட்டில் கழுவுவது போன்ற குட்டி பிரஷ்ஷும் மருந்துக் கடையில் கிடைக்கும். நாற்றம் அந்த இடுக்குகளிலிருந்தும் வரும். மனைவி சொன்னது சரி.

உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், கிராம்பு, வேப்பங்குச்சி – எதைச் செய்வது? நால்வர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள்.
– குடும்பத் தலைவி, காரைக்குடி

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது புண்ணுக்கும் வீக்கத்துக்கும் இதமானது. விழுங்கிவிடாதீர்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை, படலம் ஓரளவு குறையவும் செய்யலாம். ஆனால் பல் துலக்கிய கணக்கில் அது வராது. கிராம்பு எண்ணெய் வலியைச் சற்று மரக்கச் செய்யும்; ஈற்றில் நேராகப் பூசினால் வெந்துவிடும். வேப்பங்குச்சி நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கினால் முன்பற்களுக்கு நல்லது. கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தை அதனால் தொட முடியுமா, கண்ணாடி முன் நின்று நீங்களே பாருங்கள்.

இவை நான்கும் சேர்ந்தாலும் ஏற்கெனவே பிடித்த காரையில் ஒரு துணுக்கு உதிராது. மவுத் வாஷும் அப்படித்தான். குளோர்ஹெக்சிடின் உள்ளதை டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாளுக்கு மட்டும் உபயோகியுங்கள். நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும்.

செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் மூன்றையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அவை பல்லைத் தேய்த்துக் கரைப்பவை. புகையிலை கலந்த பற்பொடிக்கு 1992-லேயே நம் நாட்டில் தடை. பல்வலிக்கு ஆறுதல் என்று எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பல் கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று தடுக்கிறார் மாமியார். செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு உண்மையிலேயே ஆடுகிறது!
– ஆசிரியை, தஞ்சாவூர்

மாமியார் கண்ணால் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. அந்த அக்காவின் பல்லைப் பிடித்திருந்த எலும்பு எப்போதோ கரைந்துவிட்டது. பற்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து நிறுத்தியிருந்தது காரைதான். அதை எடுத்ததும் பல்லின் உண்மை நிலை தெரிந்துவிட்டது. எடுக்காமல் விட்டிருந்தால் அடியில் எலும்பு இன்னும் கரைந்து, பல் தானாகவே கையோடு வந்திருக்கும். வெறும் ஈறு வீக்கம் முழுக்கச் சரியாகும். எலும்பு கரைந்துவிட்டால் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம். உங்களுக்கு இன்னும் ஆடவில்லையே, அதனால்தான் இப்போதே போங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் வீட்டில் நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் பல் கொட்டிவிடும். இது பரம்பரைதானே? தலையெழுத்து என்று விட்டுவிட்டேன்.
– தோட்டத் தொழிலாளியின் மகன், ஹட்டன்

உங்கள் ஊர்ப் பக்கத்து மக்களைக் கொண்டுதான் உலகமே இந்தக் கேள்விக்கு விடை கண்டது, தம்பி. முன்னே சொன்ன அதே லோ 1970-இல் இலங்கை வந்தார். இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ கண்டிராத தமிழ்த் தொழிலாளர்கள். அதன் பிறகு 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். அவர்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பல் விழுந்ததெல்லாம் ஈறு நோயால்.

கிடைத்த கணக்கு இது. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பல்லும் போயிற்று. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் பரவியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, எலும்பைத் தொடவே இல்லை. எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி அழுக்கு, ஒரே மாதிரி காரை. முடிவு மட்டும் மூன்று விதம். உடம்பு வாகுக்கும் பங்கு இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆனால் அவர்கள் யாரும் துலக்காதவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் வீட்டு வாகு அந்த 8 சதவீதமாகவே இருக்கட்டும். அப்படியானால் மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டும் பல்லை நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், அவ்வளவே. புகைத்தால் நிறுத்துங்கள். புகை ஈற்றின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தக் கசிவை மறைத்துவிடும். நோய் உள்ளே முற்றுவது வெளியே தெரியாது.

பதினைந்து ஆண்டு அளவெடுத்துப் பாடநூலில் ஏறிய அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள், வைத்தியம் தங்களுக்கில்லை என்று இன்றும் நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அரசு வைத்தியசாலையில் பல் வைத்தியம் இலவசம். பேராதனையில் பல் வைத்தியத்துக்கென்றே போதனா வைத்தியசாலை இருக்கிறது. அது உங்கள் உரிமை. போய்க் கேளுங்கள்.

கிளினிக்கில் சொன்ன தொகையைக் கேட்டதும் இருந்த பல்லும் ஆடிவிட்டது. என் சம்பளத்துக்கு எங்கே போவது?
– எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல்காரர், ஆவடி

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? அப்படியென்றால் முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். வீட்டாரையும் அங்கே காட்டலாம். மாதாமாதம் கொடுத்த பணம் உங்களுடையது.

அடுத்தது அரசு மருத்துவமனை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் டாக்டர் இருக்கிறார். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்கு ரயில் தூரம்தான். சிதம்பரத்தில் ஒன்று, 2023-இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்று, புதுச்சேரியில் ஒன்று.

மூன்றாவது வழியைப் பலரும் யோசிப்பதில்லை: தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள். மாணவர்கள் பழகப் பல் வேண்டும், உங்களுக்கு வைத்தியம் வேண்டும். அதனால் கட்டணம் கிளினிக்கைவிட நன்றாகக் குறையும். ‘மாணவனிடமா வாயைக் கொடுப்பது?’ என்ற தயக்கம் வேண்டாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஒரு மாணவி மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி ‘ரெண்டு, மூணு, ரெண்டு, அஞ்சு’ என்று சொல்லுவார். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். மூன்று வரை கவலையில்லை. நான்கு, ஐந்து என்றால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஆசிரியர் வந்து தானே அளந்து பார்ப்பார். அவசரக் கிளினிக்கில் இவ்வளவு பொறுமை கிடைப்பது அரிது. அரை நாள் போகும், இரண்டு மூன்று தடவை அலைய வேண்டும். அந்த அலைச்சல்தான் நீங்கள் கொடுக்கும் மிச்ச விலை.

கிளினிக்குக்கே போவதானால், ‘இதில் இப்போதே செய்ய வேண்டியது எது, தள்ளிப்போடக் கூடியது எது?’ என்று கேட்டுத் தனித்தனியாகத் தொகை போட்டு எழுதி வாங்குங்கள். ஈறு நோயில் முதல் வேலை காரை எடுப்பது. உள்ள வேலைகளில் மலிவானதும் அதுதான். பல் கட்டுவது, இம்ப்ளான்ட் எல்லாம் ஈறு ஆறிய பிறகு. எங்கே போனாலும் பி.டி.எஸ். படிப்பும் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் உண்டா என்று பாருங்கள். ஒரே நாளில் பல்லை வெளுப்பாக்கித் தருகிறேன் என்று தெருவில் திரவம் பூசுபவர் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஈறு வீங்கினால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். இரண்டு நாளில் சரியாகிவிடுகிறதே?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

சரியாகிவிட்டால் ஏன் திரும்பத் திரும்ப வாங்குகிறீர்கள்? காரை உள்ளேயே இருக்கிறது, அதனால் வீக்கம் திரும்புகிறது. இப்படியே போனால் நிஜமாகத் தேவைப்படும் நாளில் அந்த மாத்திரை கேட்காது. தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், இரவானாலும் ஆட்டோவை நேரே பெரியாஸ்பத்திரிக்கு விடுங்கள்.

எனக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஈறு தடித்துப் பல்லை மூடுகிறது.
– ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடிக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றுவதை அவர் முடிவு செய்வார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கும். ஆகவே ஈறு வைத்தியத்தையும் சர்க்கரை வைத்தியத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணி. ஈறு வீங்கியிருக்கிறது. பிரசவம் முடியட்டும் என்கிறார்கள் வீட்டில்.
– கர்ப்பிணி, சேலம்

வேண்டாம் அம்மா, இப்போதே போங்கள். பல் வைத்தியத்துக்கு இந்த நடு மாதங்கள்தான் வசதி. கர்ப்பமாக இருப்பதைச் சீட்டுப் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பல்லும் போய் செட் மாட்டியிருக்கிறேன். இனி எனக்கென்ன ஈறு கவலை?
– விவசாயி, மன்னார்குடி

கவலை முழுக்கப் போகவில்லை. இரவில் செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். ஈற்றையும் நாக்கையும் ஈரத் துணியால் துடையுங்கள். செட் அழுத்திப் புண்ணானால் சகித்துக்கொண்டு மாட்ட வேண்டாம், தேய்த்துச் சரிசெய்து தருவார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வலி இல்லாவிட்டாலும், மன்னார்குடி அரசு மருத்துவமனையிலேயே காட்டிவிடுங்கள்.