மாணவர்கள் இல்லாமலும் மன்றம் நடத்தலாம்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், கல்லூரிச் சாலை, சென்னை – 6.

பொருள்: உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மன்றங்கள் – ஆண்டுச் செயல்பாடுகள் – மாணவர்களுக்கு விலக்கு அளிக்கக் கோருதல் – சார்ந்து.

ஐயா / அம்மையீர்,

இலக்கிய மன்றம், கணித மன்றம், அறிவியல் மன்றம், நுகர்வோர் மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், பசுமைப்படை, ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம் என ஒரு பள்ளிக்குள் இத்தனை அமைப்புகளை உயிரோடு வைத்திருக்கும் தங்கள் திறமையை முதலில் வணங்குகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு, ஒரு பொறுப்பாசிரியர், ஒரு பதாகை, ஓர் உறுதிமொழி உண்டு. ஒரே ஆசிரியரே மூன்று மன்றங்களுக்குப் பொறுப்பாசிரியராக இருப்பதும் சிக்கனம் கருதியே என்று எடுத்துக்கொள்கிறேன். என் கோரிக்கை சிறியது. இந்த ஏற்பாட்டில் மாணவர் செய்ய வேண்டியது, பதாகைக்குப் பின்னால் வரிசையாக நின்று வலக்கையை நீட்டுவது மட்டும்தான். அதற்காக அவர்களை வெயிலில் நிறுத்துவானேன்? அவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டால் மன்றங்கள் இன்னும் செம்மையாக நடக்கும்.

இது வீம்புக்குச் சொல்வதல்ல. நாட்காட்டியே எனக்குச் சாட்சி. ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசிய கணித நாள். பெரும்பாலான ஆண்டுகளில் அது அரையாண்டுத் தேர்வின் கடைசி நாட்களில் வந்து விழுகிறது. அன்று கணிதத்தைக் கொண்டாட யாருக்கும் நேரமில்லை, பயப்பட மட்டும் நேரமுண்டு. இரண்டு நாள் கழித்து, 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் நினைவாக, தேசிய நுகர்வோர் நாள் வருகிறது. அதற்குள் அரையாண்டு விடுமுறை தொடங்கிவிடும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். பொதுத்தேர்வு வாசலில் நிற்கும் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு, அந்த நாள் நினைவுகூரும் ராமன் விளைவு ஒரு வினா, அவ்வளவே. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளோ, 2023இலும் 2024இலும் கோடை விடுமுறைக்குள்ளேயே வந்துபோனது. ஆக, மாணவர் வராத நாளில் விழா எடுப்பது துறைக்குப் பழகிய வேலைதான். நான் கேட்பது அதற்கு ஓர் அரசாணை மட்டுமே.

மரக்கன்று விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மழை அக்டோபரில், வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. உலகச் சுற்றுச்சூழல் நாளோ ஜூனில். உலகம் ஜூனில் நடுகிறது என்பதால் நாமும் ஜூனில் நடுகிறோம். கன்று மழைக்காக நான்கு மாதம் காத்திருக்கிறது. அதையும் தாண்டித் தப்பித்தால், அடுத்த ஏப்ரலில் பள்ளி பூட்டப்பட்டு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கோடை வருகிறது. மறு ஜூனில் குழி தயாராக இருப்பதால் புதிதாகத் தோண்டும் செலவு மிச்சம். நட்டவை எத்தனை என்று கேட்கும் படிவம், நிற்பவை எத்தனை என்று கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு எந்தத் தலைமையாசிரியர் வலியப் பதில் எழுதுவார்? படிவம் எதைக் கேட்கிறதோ அதுதான் பள்ளியில் விளையும். புகைப்படம் கேட்டீர்கள், புகைப்படம் அமோகமாக விளைகிறது.

“ஆதாரம் இல்லாமல் அரசுப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது எப்படி?” என்று தணிக்கைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் புகைப்படம் எதற்கு ஆதாரம்? ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் பதாகையும் பத்துப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்பதற்கு. பேச்சுப் போட்டிக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுள் எவராவது எழுதித் தராத உரையைப் பேசினாரா, நுகர்வோர் மன்றத்துப் பெண் கடைக்காரரிடம் ரசீது கேட்டாளா என்பதெல்லாம் படத்தில் விழாது.

“எல்லா மன்றமும் அப்படியா?” என்றால், இல்லை. என் கோரிக்கைக்குப் பெரிய இடைஞ்சலே அதுதான். காந்தி நூற்றாண்டில், 1969இல், தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் தொண்டர் ஒருவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் எதிர்பார்க்கிறது. ஏழு நாள் ஓர் ஊரில் தங்கிச் சாக்கடை தூர்வாரிய பிள்ளைக்கு அந்த ஊரில் தண்ணீர் எந்தத் தெருவரை வருகிறது என்பது தெரிந்துவிடும். 2022இல் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கருத்தாளரை அனுப்பி, அறிவியல் சோதனையைப் பிள்ளைகள் கையிலேயே கொடுக்கப் பார்க்கிறது. இவை பலன் தருகிற இடங்களில் காரணம் ஒன்றே: பிள்ளைக்கு நேரம் தரப்படுகிறது, கைக்கு வேலை தரப்படுகிறது. மற்ற மன்றங்களுக்கு வாய்ப்பது, கணக்கு ஆசிரியர் கடன் வாங்கியது போக மிஞ்சிய பாடவேளை. அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.

மதிப்பெண்தான் ஏழைப் பிள்ளைக்குப் படிக்கட்டு, மன்றம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்போரும் உண்டு. இந்த வாதத்தை என்னால் சிரித்துத் தள்ள முடியாது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிதான் தலைகீழ். வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியும் கோடை முகாமும் பணம் கட்டினால் கிடைக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளை மேடையேறி நடுங்கவும், அந்த நடுக்கத்தைத் தாண்டவும் கட்டணமில்லாத இடம் இலக்கிய மன்றம் ஒன்றுதான். அதையும் பதிவேட்டில் மட்டும் நடத்தினால் அந்தப் பிள்ளை வேறு எங்கே போகும்?

ஆகவே, விலக்கு தர மனமில்லையென்றால் மாற்றுக் கோரிக்கை ஒன்று. மாணவர் தாமே விரும்பிச் சேரும் மன்றம் ஒன்றே ஒன்று போதும். அதற்கு வாரம் ஒரு பாடவேளையை யாரும் கடன் கேட்க முடியாதபடி ஒதுக்குங்கள். மரம் நடுவதை அக்டோபருக்கு மாற்றுங்கள். புகைப்படக் கட்டத்துக்குப் பக்கத்தில், ‘சென்ற ஆண்டு நட்டவற்றில் இன்று நிற்பவை எத்தனை?’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அதில் நேர்மையாகப் பூஜ்யம் என்று எழுதும் தலைமையாசிரியருக்கு, தயவுசெய்து ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-ஏ குறிப்பாணை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
பதாகைக்குப் பின்னால் நிற்பவர்கள் சார்பாக ஒருவர்